பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் பலகை, வருவோரை மூன்றே சொற்களால் வரவேற்கிறது: ‘பசுக்கள், கல்லூரிகள், மனநிறைவு’. ஆங்கிலத்தில் இம்மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மோனை நயத்தோடு ஒலிக்கின்றன. முதல் இரண்டையும் கண்ணால் பார்த்துவிடலாம். மூன்றாவதைப் பார்க்க ஊருக்குள் சில நாள் தங்கி, அங்குள்ளவர்கள் எதைப் பேணுகிறார்கள், எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குச் சுற்றுலா செல்வோர் பலர் நியூயார்க்கின் வானுயர்ந்த கட்டடங்களையோ கலிஃபோர்னியாவின் கடற்கரைகளையோ தேடிச் செல்கிறார்கள். நாட்டின் நடுவில் பரந்து கிடக்கும் வட்டாரத்தை அவர்கள் விமானச் சன்னல் வழியே பார்ப்பதோடு சரி. 12 மாநிலங்கள் அடங்கிய அந்த வட்டாரத்தை ‘நடுமேற்கு’ என்பர். பெயரில் மேற்கு இருந்தாலும் அது மேற்குக் கரையில் இல்லை. கிழக்குக் கரையிலிருந்து குடியேறப் புறப்பட்டவர்களுக்கு அது மேற்காகத் தெரிந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சோளமும் சோயா அவரையும் விளையும் வயல்கள், தானியக் களஞ்சியங்கள், பால்பண்ணைகள், இவற்றுக்கிடையே சிறு சிறு ஊர்கள். அவற்றுள் சில ஊர்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவை கல்லூரி நகரங்கள்.

ஊரின் வாழ்க்கை ஒரு கல்லூரியைச் சுற்றியே இயங்கினால் அதைக் கல்லூரி நகரம் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் நடுமேற்கில் குடியேறிய திருச்சபையினரும் புலம்பெயர்ந்த சமூகத்தினரும் தங்கள் பிள்ளைகளுக்கெனக் கல்லூரிகளைத் தொடங்கினர். ஊர்ப் பெரியவர்களும் போட்டி போட்டுக்கொண்டு நிலமும் பணமும் தந்தனர். கல்லூரி வந்தால் ஆசிரியர்கள் வருவார்கள், மாணவர்கள் வருவார்கள், கடைகளும் இரயிலும் பின்னாலேயே வரும் என்பது அவர்களின் கணக்கு. நார்த்ஃபீல்டுக்கு ஒன்றுக்கு இரண்டு கல்லூரிகள் வாய்த்தன. இன்று ஏறத்தாழ 20,000 பேர் வாழும் அவ்வூரில் நால்வருள் ஒருவர் கல்லூரி மாணவர்.

மினியாபொலிஸ், செயிண்ட் பால் என்னும் இரட்டை நகரங்களிலிருந்து தெற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் பயணம் செய்தால் நார்த்ஃபீல்டை அடையலாம். பொதுப் போக்குவரத்து குறைவு என்பதால் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். பெருநகரின் புறநகர் வீடுகள் முடிந்ததும் வயல்கள் தொடங்கும். சற்று நேரத்தில் தொலைவில் காற்றாலைகள் சுழல்வது தெரியும். ஊருக்குள் நுழைந்தால், காற்று வீசும் திசையைப் பொறுத்து, வறுத்த தானியத்தின் இனிய மணம் வந்து சேரும். ஊரின் நடுவே ஓடும் கேனன் ஆற்றங்கரையில் ஒரு பழைய மாவு ஆலை நிற்கிறது. ஏம்ஸ் ஆலை எனப்படும் அக்கட்டடத்தில் 1927ஆம் ஆண்டில் ‘மால்ட்-ஓ-மீல்’ என்னும் காலைச் சிற்றுண்டித் தானியம் தயாராகத் தொடங்கியது. அத்தொழில் பின்னர்ப் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. ஊரைவிட்டுப் போன பழைய மாணவர்கள் பலருக்கு நார்த்ஃபீல்ட் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்த மணந்தான்.

ஆறுதான் ஊருக்குக் காரணம். 1855ஆம் ஆண்டில் ஜான் நார்த் என்னும் வழக்கறிஞர் இங்கு வந்து, ஆற்றின் குறுக்கே அணை கட்டி, நீரின் விசையால் இயங்கும் ஆலைகளை அமைத்தார். அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். ஊருக்கு அவர் பெயரே அமைந்தது. எனினும், அவர் வந்தபோது அது யாருமற்ற நிலமாக இருக்கவில்லை. டகோட்டா மக்களுள் வாப்பெகுட்டே என்னும் பிரிவினர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வந்தனர். 1851ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் மூலம் தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதி அவர்களிடமிருந்து பெறப்பட்டது. 1862இல் போர் மூண்டது. மறு ஆண்டு டகோட்டா மக்களில் பெரும்பாலோர் மாநிலத்தை விட்டே வெளியேற்றப்பட்டனர். நடுமேற்கின் அழகிய ஊர்களில் நடக்கும்போது இந்த வரலாற்றையும் அறிந்து நடப்பது நல்லது. ஊரின் வரவேற்புப் பலகையில் அதற்கு இடம் இல்லை.

ஊரின் முதன்மையான தெரு டிவிஷன் தெரு. செங்கல்லாலும் கல்லாலும் கட்டப்பட்ட இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. புத்தகக் கடை, காப்பிக் கடை, இசைக்கருவிக் கடை எல்லாம் நடந்து போகும் தொலைவிலேயே உள்ளன. 1877ஆம் ஆண்டு முதல் இத்தெருவில் நின்ற ஆர்ச்சர் ஹவுஸ் என்னும் செந்நிற விடுதி, 2020ஆம் ஆண்டு ஏற்பட்ட தீயில் சேதமடைந்து பின்னர் இடிக்கப்பட்டது. அவ்விடத்தைக் கடக்கும் முதியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசாமல் போவதில்லை. ஆயினும், சுற்றுப்பயணிகள் இத்தெருவில் தேடி வருவது வேறொரு கட்டடத்தை. அது ஸ்கிரைவர் கட்டடம். அதன் ஒரு பகுதியில்தான் 1876ஆம் ஆண்டில் நார்த்ஃபீல்டின் வங்கி இயங்கியது. இன்று அது வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகம்.

1876ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், பிற்பகல். எட்டுக் குதிரை வீரர்கள் ஊருக்குள் வந்தனர். அவர்கள் சாதாரணக் கொள்ளையர் அல்லர். மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த ஜேம்ஸ், யங்கர் சகோதரர்களும் அவர்களின் கூட்டாளிகளும் ஆவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று மறைந்திருந்து போர் புரிந்தவர்கள் அவர்களுள் சிலர். போர் முடிந்த பின்னும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. வங்கிகளையும் இரயில்களையும் கொள்ளையடித்தனர். வடக்குப் படையின் தளபதியாகவும் பின்னர் மிசிசிப்பி மாநில ஆளுநராகவும் இருந்த அடெல்பர்ட் ஏம்ஸின் பணம் நார்த்ஃபீல்ட் வங்கியில் இருப்பதாகக் கேள்விப்பட்டே அங்குச் சென்றதாகக் கோல் யங்கர் பின்னாளில் கூறினார்.

மூவர் வங்கிக்குள் நுழைந்தனர். காசாளர் அன்று ஊரில் இல்லை. நாட்டின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியைக் காண ஃபிலடெல்ஃபியா சென்றிருந்தார். அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்தவர் ஜோசஃப் லீ ஹேவுட். வங்கியின் கணக்கர். இரும்புப் பெட்டகத்தைத் திறக்கும்படி கொள்ளையர்கள் மிரட்டினார்கள். நேரப்பூட்டுப் போடப்பட்டிருப்பதால் திறக்க முடியாது என்று அவர் மறுத்தார். அடித்தார்கள், கழுத்தில் கத்தியை வைத்தார்கள், துப்பாக்கியை நீட்டினார்கள். அவர் மசியவில்லை.

இதற்குள் வெளியே நடப்பதைப் புரிந்துகொண்ட ஒரு வணிகர், வங்கியில் கொள்ளை என்று கூவினார். இரும்புச் சாமான் கடையிலிருந்து துப்பாக்கிகள் வெளிவந்தன. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஒருவர் எதிரிலிருந்த விடுதியின் மாடிச் சன்னலில் நின்று சுட்டார். துப்பாக்கி கிடைக்காதவர்கள் கற்களை எறிந்தார்கள். ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு கொள்ளையர்கள் தெருவிலேயே மாண்டனர். மற்றவர்கள் காயங்களோடு தப்பி ஓடினர். வெளியேறும்போது அவர்களுள் ஒருவன் ஹேவுட்டைச் சுட்டுக் கொன்றான். ஆங்கிலம் அதிகம் அறியாத, சுவீடன் நாட்டிலிருந்து வந்த நிக்கோலஸ் கஸ்டஃப்சன் என்பவரும் தெருவில் சுடப்பட்டுச் சில நாள்களில் இறந்தார். இரண்டு வாரங்களுக்குப் பின் யங்கர் சகோதரர் மூவரும் பிடிபட்டனர். ஜேம்ஸ் சகோதரர்கள் மட்டும் தப்பினர். அந்தக் கும்பல் அதோடு சிதறிப்போனது. நார்த்ஃபீல்டிலிருந்து அவர்கள் கொண்டுபோனது வெறும் 26 டாலர் 70 காசு என்பது ஊரார் சொல்லும் கணக்கு.

பணத்துக்காக உயிரைக் கொடுப்பதா என்று இன்றைய மாணவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைய நிலைமை வேறு. வங்கியில் போட்ட பணத்துக்கு அப்போது அரசாங்கத்தின் காப்பீடு கிடையாது. அமெரிக்காவில் அத்தகைய காப்பீடு 1934ஆம் ஆண்டில்தான் நடப்புக்கு வந்தது. பெட்டகத்தில் இருந்தது கோதுமை விற்ற உழவர்களின் பணம், கடைக்காரர்களின் பணம். அது போனால் போனதுதான். ஹேவுட் அதை அறிந்தவர். இன்னொன்றும் உண்டு. அவர் கார்ல்டன் கல்லூரியின் பொருளாளராகவும் இருந்தார். கொள்ளை நடப்பதற்குச் சற்று முன்பு, இப்படி ஒரு நிலை வந்தால் பெட்டகத்தைத் திறந்துவிடுவீர்களா என்று கல்லூரித் தலைவர் அவரிடம் கேட்டதாகவும், திறக்கமாட்டேன் என நினைக்கிறேன் என்று அவர் அமைதியாகப் பதில் சொன்னதாகவும் ஊரில் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

ஜெஸ்ஸி ஜேம்ஸின் பெயர் உலகெங்கும் பரவியது. மலிவுப் பதிப்பு நாவல்கள் அவனை வீரனாக்கின. திரைப்படங்கள் பல வந்தன. ஹேவுட்டின் பெயரை நார்த்ஃபீல்டுக்கு வெளியே அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஊர் மக்கள் அதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் பல நாள்கள் பெரிய விழா எடுக்கிறார்கள். அவ்விழாவின் பெயர் ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ் தோல்வி நாள்கள்’. தெருவை அடைத்து, குதிரைகளில் ஆள்கள் பாய்ந்து வர, அன்று நடந்ததை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். ஊர்வலம், இராட்டினம், தின்பண்டக் கடைகள் என்று ஊரே களைகட்டும். இத்தனை ஆரவாரத்துக்கிடையே ஒரு சிறு கூட்டம் இடுகாட்டுக்குச் சென்று ஹேவுட்டின் கல்லறையருகே அஞ்சலி செலுத்துகிறது. அருங்காட்சியகத்தில் அன்றைய வங்கி அறை மீட்டமைக்கப்பட்டுள்ளது. குறுகிய அறை; மரத்தடுப்பு; அதன் பின்னால் பெட்டகம். அங்கு நின்று பார்க்கும்போது, கொள்ளையருக்கும் ஹேவுட்டுக்கும் இடையே எவ்வளவு சிறிய இடைவெளி இருந்திருக்கும் என்பது புரிகிறது.

டிவிஷன் தெருவிலிருந்து வடகிழக்கே சில நிமிடம் நடந்தால் கார்ல்டன் கல்லூரி. 1866ஆம் ஆண்டில் நார்த்ஃபீல்ட் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய இதற்கு, 50,000 டாலர் நன்கொடை அளித்த வில்லியம் கார்ல்டன் என்பவரின் பெயர் பின்னர்ச் சூட்டப்பட்டது. 1874இல் பட்டம் பெற்ற முதல் அணியில் இருந்தவர்கள் இருவரே: ஓர் ஆண், ஒரு பெண். பெண்களுக்குப் பல கல்லூரிகள் கதவடைத்திருந்த காலம் அது. அந்த இருவரும் பின்னர்த் திருமணம் செய்துகொண்டார்கள். இன்று அங்கு ஏறத்தாழ 2,000 மாணவர்கள் படிக்கிறார்கள்.

வளாகத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது 1887ஆம் ஆண்டில் கட்டப்பட்ட குட்செல் வானாய்வுக்கூடம். வட்டக் கூரையும் சிவப்புக் கல்லும் கொண்ட அக்கட்டடத்தில் பழைய பெரிய தொலைநோக்கி இன்றும் உள்ளது. விண்மீன்களைப் பார்ப்பது மட்டுமன்று, மணி சொல்வதும் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலையாக இருந்தது. 1883ஆம் ஆண்டுக்கு முன், அமெரிக்காவின் ஒவ்வோர் ஊரும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. ஆகவே, அடுத்தடுத்த ஊர்களின் கடிகாரங்கள் வெவ்வேறு மணியைக் காட்டின. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இரயில்கள் வெவ்வேறு மணிக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கார்ல்டனின் வானியல் பேராசிரியர் வில்லியம் பெய்ன், விண்மீன்கள் குறிப்பிட்ட கோட்டைக் கடக்கும் நொடியைத் தொலைநோக்கியால் கணித்து, துல்லியமான நேரத்தைத் தந்தி வழியே இரயில் நிறுவனங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். நடுமேற்கின் நெடுந்தொலைவு இரயில் பாதைகள், ஒரு சிற்றூர்க் கல்லூரியின் குன்றிலிருந்து வந்த சைகையைக் கேட்டு ஓடின. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவு, மேகமில்லாவிட்டால், பொதுமக்கள் அங்குச் சென்று தொலைநோக்கி வழியே வானத்தைப் பார்க்கலாம்.

கல்லூரிக்கு அருகே ஒரு சாதாரண வீடும் இருக்கிறது. கல்லூரியில் பணியாற்றிய டேசி மோசஸ் என்ற அம்மையார் வாழ்ந்த வீடு. அவர் தம் வீட்டுக் கதவை மாணவர்களுக்காகத் திறந்தே வைத்திருந்தார். யார் வந்தாலும் பிஸ்கட் கிடைக்கும். பேசுவதற்கு ஆளும் கிடைக்கும். 1981ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது வீடு கல்லூரிக்குச் சேர்ந்தது. இன்றும் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் அச்சமையலறையில் தயாராக இருக்கும். எந்த மாணவரும் உள்ளே போய்ப் பிஸ்கட் சுடலாம். காசு வேண்டாம். சுட்டதில் ஒரு பங்கை அடுத்து வருபவருக்கு வைத்துவிட வேண்டும். வீட்டை விட்டு வெகுதொலைவு வந்து, முதல் பனிக்காலத்தைச் சந்திக்கும் 18 வயது மாணவருக்கு அந்தச் சமையலறையின் அருமை தெரியும்.

வளாகத்தின் மறுபக்கத்தில் 800 ஏக்கர் அளவில் ஒரு மரச்சோலை பரந்துள்ளது. 1920களில் கல்லூரித் தலைவர் டொனால்ட் கௌலிங்கும் தாவரவியல் பேராசிரியர் ஹார்வி ஸ்டார்க்கும் இதை உருவாக்கினார்கள். பயனற்ற வேலை என்று அப்போது சிலர் எள்ளி நகைத்தார்கள். இன்று காடும் ஆற்றங்கரையும் மட்டுமல்லாமல், நடுமேற்கில் ஏறக்குறைய மறைந்தே போய்விட்ட ஒன்றும் அங்கு மீட்கப்பட்டிருக்கிறது: ஆளுயரப் புல்வெளி. ஒரு காலத்தில் இவ்வட்டாரமெங்கும் அலையலையாய்ப் பரவியிருந்த புல்வெளியை ஏர் உழுது சோளவயலாக்கிவிட்டது. மீட்ட புல்வெளிக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். புல்லின் வேர்கள் மண்ணுக்குள் மிக ஆழமாகச் செல்வதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஊடே முளைக்கும் மரக்கன்றுகளும் களைகளுமே கருகும். சாம்பல் படிந்த நிலத்தில் சில வாரங்களில் பசுமை துளிர்த்துவிடும்.

ஆற்றுக்கு மேற்கே, மேட்டின்மேல் நிற்பது செயிண்ட் ஓலாஃப் கல்லூரி. நார்வே நாட்டிலிருந்து குடியேறிய லூத்தரன் சபையினர் 1874ஆம் ஆண்டில் தொடங்கியது. இதன் உயிர்மூச்சு இசை. கிறிஸ்டியான்சன் என்னும் இசைப் பேராசிரியர் 1912ஆம் ஆண்டில் தொடங்கிய பாடகர் குழு, வாத்தியத் துணையின்றிக் குரல்களை மட்டும் கொண்டு பாடும் கலையில் அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றது. கிறிஸ்துமஸையொட்டி நடக்கும் இசைவிழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். அப்போது ‘லூட்டஃபிஸ்க்’ என்னும் நார்வே உணவும் பரிமாறப்படும். காயவைத்த மீனைக் காரக் கரைசலில் ஊறவைத்து, பல முறை நீரில் அலசிச் சமைப்பது அது. கூழ்போல் வழவழக்கும். நார்வே வழிவந்தவர்களிலேயே அதை விரும்பாதவர்கள் நிறையப் பேர்.

ஒரே ஊரில் இரண்டு கல்லூரிகள் இருந்தால் போட்டி இருக்காதா? அமெரிக்கக் காற்பந்தில் இவ்விரு கல்லூரிகளும் நெடுங்காலப் போட்டியாளர்கள். 1977ஆம் ஆண்டில் அவை ஆடிய ஓர் ஆட்டம் வரலாற்றில் இடம்பெற்றது. கஜத்திலும் பவுண்டிலும் அளக்கும் அமெரிக்கர்களை மெட்ரிக் முறைக்கு மாற்ற, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சட்டம் வந்திருந்தது. கார்ல்டனின் வேதியியல் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆடுகளத்தை 100 கஜத்துக்குப் பதிலாக 100 மீட்டராக மாற்றினார்கள். ஆட்டக்காரர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் அறிவித்தார்கள். ஆட்டத்துக்கு ‘லிட்டர் கிண்ணம்’ என்று பெயர். களம் நீண்டது; கார்ல்டனுக்குத் தோல்வியும் நீண்டது. செயிண்ட் ஓலாஃப் 43-0 என்று வென்றது. அமெரிக்கர்கள் கஜத்தை இன்னும் விடவில்லை.

நல்ல வேளையாக, எல்லாப் போட்டியும் களத்தோடு நிற்பதில்லை. 2004ஆம் ஆண்டில் கார்ல்டன் 1.65 மெகாவாட் திறனுள்ள காற்றாலையை நிறுவியது. 2006ஆம் ஆண்டில் செயிண்ட் ஓலாஃபும் அதே திறனுள்ள ஒன்றை நிறுவியது. ஊருக்கு வரும் வழியில் தொலைவிலிருந்தே தெரியும் காற்றாலைகளுள் இவையும் அடங்கும்.

எப்போது செல்லலாம்? நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. ஜனவரியில் வெப்பநிலை சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக்கும் குறைந்துவிடும். ஆறு உறைந்துபோகும். செப்டம்பர் மாதம் விழாவுக்கு உகந்தது. அக்டோபரில் மேப்பிள் மரங்களின் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். கோடைக்கால மாலைகளில் ஆற்றங்கரையிலுள்ள பாலச் சதுக்கத்தில் ஒரு பழைய சோளப்பொரி வண்டி நிற்கும்.

ஒரு நாளைச் சுற்றுவட்டாரத்துக்கென ஒதுக்க வேண்டும். தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபேரிபோவில், 1865ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பளி ஆலை இருக்கிறது. அவ்வூரின் ஆற்றோரப் பாறைக் குகைகளில் 1936ஆம் ஆண்டு முதல் நீலப் பாலாடைக்கட்டி தயாரானது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் குளிரும் ஈரமும் கொண்ட குகைகள் அதற்குப் பொருத்தமாக அமைந்தன. தென்கிழக்கே நெர்ஸ்ட்ரேண்ட் என்னும் சிற்றூருக்கு அருகில், பொருளியல் அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் வளர்ந்த பண்ணை வீடு நிற்கிறது. நார்வேயிலிருந்து வந்த உழவரின் மகன் அவர், கார்ல்டனில் படித்தவர். தேவைக்காக அன்றி, பிறர் பார்த்து மதிக்க வேண்டும் என்பதற்காகவே மக்கள் பொருள் வாங்கும் வழக்கத்தை 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து, அதற்குப் ‘பகட்டு நுகர்வு’ என்று பெயரிட்டவர். அந்த வீடு தனியாருக்குச் சொந்தமானது. சாலையிலிருந்து பார்த்துச் செல்லலாம். வெள்ளைச் சாயம் பூசிய எளிய மரவீடு. பகட்டு எதுவும் இல்லை.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் நெர்ஸ்ட்ரேண்ட் பெருங்காடு மாநிலப் பூங்கா உள்ளது. குடியேறிகள் வருவதற்குமுன் மேப்பிள், ஓக், எல்ம் மரங்கள் அடர்ந்த ‘பெருங்காடு’ தென்மத்திய மினசோட்டாவில் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கரில் பரவியிருந்தது. பெரும்பகுதி வெட்டி வயலாக்கப்பட்டுவிட்டது. நெர்ஸ்ட்ரேண்டில் மட்டும், குடியேறிகள் காட்டைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, விறகுக்கென ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டார்கள். விறகு தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் அளவோடு வெட்டினர். அதனால் காடு தப்பியது. 1945ஆம் ஆண்டில் அது பூங்காவானது. உள்ளே ‘மறைந்த அருவி’ எனப்படும் ஓர் அருவி இருக்கிறது. மூன்று மீட்டர் உயரம்தான். ஆனால் ஒரு பாறை விளிம்பு முழுவதிலும் திரைபோல் விரிந்து விழும்.

ஏப்ரல் இறுதியில் அல்லது மே தொடக்கத்தில் செல்பவர்களுக்கு இன்னொரு காட்சியும் கிடைக்கலாம். மரங்கள் இலைவிட்டு நிழல் பரப்புவதற்கு முன், ஒரு சில நாள்கள் மட்டும், குள்ள லில்லி என்னும் செடி காட்டுத் தரையில் பூக்கிறது. பூவின் அளவு ஒரு சிறு நாணயத்தைவிடக் குறைவு. இளஞ்சிவப்பு நிறம். மினசோட்டாவின் தென்கிழக்கில், அடுத்தடுத்துள்ள மூன்று மாவட்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. 1986ஆம் ஆண்டு முதல் அது அழியும் நிலையிலுள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது. அதன் விதைகள் பெரும்பாலும் முளைக்க உதவுவதில்லை. பூத்த செடி தன் தண்டிலிருந்து பக்கவேர் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் ஒரு புதிய கிழங்கை உண்டாக்கும். அதுவே அடுத்த செடி. ஒரு காலடி தவறி விழுந்தாலும் அந்த ஆண்டின் முயற்சி வீணாகிவிடும். ஆகவே, அங்கு வருபவர்கள் நடைபாதையிலிருந்து இறங்காமல், குனிந்து, பொறுமையாகத் தேடிப் பார்க்கிறார்கள்.